பட்டாளத்தார் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் எந்தெந்தக் காகிதம் சரியாக இருக்க வேண்டும்

வேலூர், கணியம்பாடி சுற்றுவட்டாரத்தில் மிலிட்டரிக்காரர் இல்லாத தெரு குறைவு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். நான் ஹவில்தார் கிளார்க்காக இருந்து வெளியே வந்தவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிறேன். இதைப் பட்டாளத்தார் படிப்பதைவிட அவர் வீட்டு அம்மாவும் பிள்ளைகளும் படித்தால் அதிகப் பிரயோஜனம். காகிதத்தில் உள்ள சிக்கலை அவர் உயிரோடு இருக்கும்போது தீர்க்க ஒரு கையெழுத்து போதும். அவர் போன பிறகு அதே சிக்கலுக்கு அந்த அம்மா தாலுகா ஆபீசுக்கும் நோட்டரிக்கும் அலைகிறார்.

முதலில், பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கை எடுங்கள். அதில் குடும்ப விவரம் இருக்கும் பக்கத்தைத் திறந்து மனைவி பெயர், பிறந்த தேதி, பிள்ளைகள் பெயர் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அடுத்து பி.பி.ஓ., அதாவது பென்ஷன் ஆர்டர். பிறகு ஆதார், பான், பேங்க் பாஸ்புக். ஐந்தையும் மேசையில் பரப்பி, ஒரே பெயர் ஐந்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று விரல் வைத்து ஒப்பிடுங்கள்.

பெரும்பாலும் இருக்காது. நம் ஊரில் இனிஷியல்தான் வழக்கம், ஃபாரம் கேட்பதோ முதல் பெயர், கடைசிப் பெயர். பேங்கில் 'கே. முருகன்', பானில் 'முருகன் கந்தசாமி', பி.பி.ஓ.வில் வெறும் 'முருகன்'. வீட்டு அம்மா கதை இன்னும் மோசம். கல்யாணமாகி லீவு முடிந்து யூனிட்டுக்குப் போன பையன், வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லியிருப்பான். அங்கே இருந்த கிளார்க் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். டிஸ்சார்ஜ் புக்கில் 'சின்னப்பொண்ணு', ஆதாரில் 'ஜெயலட்சுமி'. இரண்டும் ஒரே ஆள் என்று ஊருக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

பிறந்த தேதியைப் பலர் கண்டுகொள்வதில்லை. பழைய பி.பி.ஓ. பலவற்றில் மனைவியின் பிறந்த தேதியே இருக்காது. அதனால் என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். 80 வயது முடிந்தால் பென்ஷனில் 20 சதவீதம் கூடும். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறு வயதில் முழுசாக இன்னொரு பங்கு. குடும்ப பென்ஷனுக்கும் இதே கணக்குதான். ரெக்கார்டில் தேதி இல்லாத கிழவிக்கு எண்பது வயது ஆனதை யார் கண்டுபிடித்துப் பணம் போடுவார்கள்?

திருத்த வேண்டியிருந்தால் வழி இதுதான். ராணுவ பென்ஷனைக் கவனிக்கும் ஸ்பர்ஷ் இணையதளத்தில் நுழைந்து புரொஃபைல் திருத்தத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். அது சரிபார்க்க, அவரவர் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போகும். மதராஸ் ரெஜிமென்ட் ஆட்களுக்கு வெலிங்டன், எம்.இ.ஜி. எனும் மதராஸ் இன்ஜினியர் குரூப் ஆட்களுக்கு பெங்களூரு. மனைவி பெயரே ரெக்கார்டில் ஏறவில்லை என்றால் திருமணச் சான்று, கணவன் மனைவி சேர்ந்து எடுத்த போட்டோ, உறுதிமொழிப் பத்திரம் வைத்து பார்ட் டூ ஆர்டர், அதாவது குடும்ப விவரத்தை ரெக்கார்டில் ஏற்றும் உத்தரவு, போடச் சொல்லி எழுதுங்கள். பெயர் முழுக்க வேறாக இருந்தால் செய்தித்தாளில் விளம்பரம் கேட்பதும் உண்டு. எதுவானாலும் முதலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டிவிட்டு அனுப்புங்கள். அவர்கள் கவர் லெட்டர் வைத்து அனுப்பும் மனுவுக்கு இருக்கும் மதிப்பு தனியாக அனுப்புவதற்கு இல்லை. அனுப்பியதில் ஒரு ஜெராக்ஸ், தபால் ரசீது இரண்டையும் சேர்த்துக் குத்தி வையுங்கள். கிளார்க்காக இருந்தவன் சொல்கிறேன், ரசீது இல்லாத மனு எழுதாத மனு.

பேங்க் கணக்கு கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்ந்திருக்கட்டும். ஸ்பர்ஷ் பாஸ்வேர்டை வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும்படி நோட்டில் எழுதி வையுங்கள். கம்ப்யூட்டர் சென்டர் பையனுக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்ட் பல வீடுகளில் இருக்கிறது. பதிவு செய்த செல்போன் நம்பரும் அவனுடையதாகவே இருக்கும். வெளியூர்ப் பிள்ளைகள் அடுத்த முறை வரும்போது முதலில் இதை மாற்றுங்கள்.

உயிர்ச்சான்று வருஷத்துக்கு ஒரு முறை. விரல் ரேகை தேய்ந்தவர்களுக்கு இப்போது கவலை இல்லை, முகத்தைக் காட்டியே செல்போனில் ஜீவன் பிரமாண் கொடுக்கலாம். 70 ரூபாய் கட்டினால் தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொடுப்பார். ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். பென்ஷன் வழங்கும் ஏஜென்சி என்று கேட்கும் இடத்தில் பழைய பழக்கத்தில் ஸ்டேட் பேங்க் என்று போட்டுவிடுகிறார்கள். ஸ்பர்ஷுக்கு மாறியவர்கள் அங்கே 'ஸ்பர்ஷ் பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸ் அலகாபாத்' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தப்பாகப் போட்டால் சான்று வேறெங்கோ போய் நிற்கும், பென்ஷன் நிற்கும். அப்புறம், 'ஸ்பர்ஷிலிருந்து பேசுகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்க' என்று ஹிந்தியில் கனிவாகப் பேசுகிறவன் திருடன். எந்த ரேங்க் சொன்னாலும் வைத்துவிடுங்கள்.

இனி, அவர் இறந்துவிட்டால். 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்து சான்றிதழில் ஐந்தாறு பிரதி வாங்குங்கள். பெயர் பி.பி.ஓ.வில் உள்ளபடி இருக்க வேண்டும், சாவு வீட்டு அவசரத்தில் 'மிலிட்டரி முருகன்' என்று சொல்லிவிடாதீர்கள். இறப்பை ஸ்பர்ஷில் தெரிவித்து, குடும்ப பென்ஷன் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். தானாகச் செய்யத் தெரியாதவர்கள் பொதுச் சேவை மையத்திலோ ஸ்பர்ஷ் சேவை தரும் பேங்க் கிளையிலோ செய்யலாம். இதற்கு நடுவில் கணக்கில் வந்து விழும் அவருடைய பென்ஷனை ஏ.டி.எம்.மில் எடுக்காதீர்கள். இறந்த தேதிக்குப் பிந்திய பணம் திரும்பப் பிடிக்கப்படும். காரியச் செலவுக்கு அதை எடுத்துவிட்டு, பிறகு குடும்ப பென்ஷனில் பிடித்தம் என்று அந்த அம்மா புலம்புவதை நிறையப் பார்த்தாகிவிட்டது.

எவ்வளவு வரும்? ஓய்வுக்குப் பின் இறந்தால் 7 வருஷம் வரை, அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்க வேண்டிய நாள் வரை, இதில் எது முந்துகிறதோ அதுவரை கூடுதல் விகிதம். அதன் பிறகு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்கான அகவிலைப்படியும். ஒருநாள் தொகை திடீரென்று குறைந்தால் யாரோ திருடிவிட்டார்கள் என்று பதறாமல் இந்தத் தேதியைப் பாருங்கள். மாற்றுத்திறனாளி பிள்ளை இருந்தால் அப்பா இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு பெயரை ஏற்றுங்கள். அந்தப் பிள்ளைக்கு அது ஆயுளுக்கும் வரும் பணம்.

முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சாதாரண வைத்தியத்துக்கு அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக் போய் ரெஃபரல் வாங்கித்தான் ஆஸ்பத்திரி போக வேண்டும். நெஞ்சுவலி போல அவசரம் என்றால் அருகில் இருப்பதற்குப் போகலாம். அது இ.சி.எச்.எஸ். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியாக இருந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். பில்லை நாம் கட்டிவிட்டுப் பிறகு கேட்க வேண்டும், அரசு விகிதப்படிதான் கிடைக்கும். பாலிகிளினிக் நம்பரை ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டி வையுங்கள்.

இப்போது நல்ல செய்தி. டிசம்பர் 7 கொடி நாளில் உண்டியல் குலுக்கிச் சேரும் நிதியிலிருந்து மத்திய அரசின் படைவீரர் நல வாரியமான கேந்திரிய சைனிக் போர்டு தரும் உதவிகள் இரண்டு மடங்காகியிருக்கின்றன. 2025 நவம்பர் 1 முதல் கொடுக்கும் விண்ணப்பங்களுக்கு இது பொருந்தும். பென்ஷன் இல்லாத, 65 வயது கடந்த முன்னாள் வீரருக்கும் அப்படிப்பட்டவரின் விதவைக்கும் மாதம் 4,000 ரூபாய் இருந்தது, 8,000 ஆகிவிட்டது. பிள்ளைகள் படிப்புக்கு மாதம் 1,000 என்பது 2,000. மகள் கல்யாணத்துக்கு 50,000 என்பது ஒரு லட்சம். மூன்றும் ஹவில்தார் ரேங்க் வரைக்கும்தான். படிப்பும் கல்யாணமும் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும். கல்யாண உதவிக்குத் திருமணமாகி 180 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மொய்க் கணக்கு பார்த்து முடிப்பதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும், ஜாக்கிரதை.

முதல் உதவிதான் நம் பக்கம் அதிகம் விடுபட்டுப் போவது. சில வருஷம் சர்வீஸ் செய்து, குடும்பச் சூழ்நிலையால் பென்ஷன் இல்லாமல் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். 'நமக்கென்ன வரும்' என்று ஒதுங்கியே இருப்பார்கள், கொடியேற்றத்துக்குக்கூட வர மாட்டார்கள். டிஸ்சார்ஜ் புக் கரையான் அரிக்காமல் இருந்தால் அவர்களை அழைத்து வாருங்கள். தொலைந்திருந்தாலும் ஆர்மி நம்பர் ஞாபகம் இருந்தால் அழைத்து வாருங்கள், ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதிப் பார்ப்போம். பட்டாளத்தில் ஒருநாள் இருந்தவன்கூட நம்பரை மறக்க மாட்டான்.

எங்கேயாவது மனு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தால், கலெக்டர் நடத்தும் முன்னாள் படைவீரர் சிறப்புக் குறைதீர் கூட்டத்துக்கு வாருங்கள். தேதி நல அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கும். மனு இரண்டு பிரதி, பின்னால் பழைய ரசீதுகள். பேசும்போது சர்வீஸ் கதை வேண்டாம். நம்பர், ரேங்க், பெயர், என்ன கேட்டோம், எந்தத் தேதியில் கேட்டோம், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வருகிறவர்கள் ஒரிஜினலைக் கொண்டுவந்து காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துப் போங்கள், என்னிடம் விட்டுப் போக வேண்டாம். வீட்டு அம்மாவையும் கூட்டி வாருங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.