இடித்த லாரி யாருடையது? விபத்துக்குப் பிறகு பொறுப்பான நிறுவனத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

எங்கள் சித்தப்பாவின் டூவீலரை பைபாஸில் ஒரு லாரி இடித்தது. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. லாரியின் கதவில் எழுதியிருந்த டிரான்ஸ்போர்ட் பெயரை அங்கே நின்ற ஒருவர் போனில் படம் எடுத்துக் கொடுத்தார். அதை நம்பி இரண்டு மாதம் அந்த ஆபீசுக்கு நடந்தோம். கடைசியில், "லோடு எங்களுடையது, வண்டி எங்களுடையது இல்லை" என்று கையை விரித்துவிட்டார்கள். ஆர்.சி.யில் பெயர் இருந்தவரைத் தேடிப் போனால், "அதை விற்று ஒரு வருஷம் ஆச்சே" என்றார். அவரிடம் வாங்கியவரின் பெயர் எந்தத் தாளிலும் ஏறவில்லை.

அந்த இரண்டு மாதத்தை வீணாக்காமல் எப்படிச் செய்திருக்கலாம் என்பது பின்னால்தான் புரிந்தது. அதை வரிசையாக எழுதுகிறேன். இது தமிழ்நாட்டில் நடக்கும் விபத்துகளை மனதில் வைத்து எழுதியது. சட்டம் இந்தியா முழுவதற்கும் ஒன்றுதான்.

படி 1: விபத்து நடந்த இடத்திலேயே

முதலில் 108. அடிபட்டவர் ஆம்புலன்ஸில் ஏறும் வரை வேறு எதுவும் வேண்டாம். அப்புறம், கூட இருப்பவர்களில் ஒருவர் போனை எடுத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வரட்டும்.

நம்பர் பிளேட்டை முன்னும் பின்னும் படம் எடுங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் வாடகைக்கு ஓடும் வண்டி. பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் வாடகைக்கு ஓடும் மின்சார வண்டி. சொந்த உபயோகத்துக்கான ஒயிட் போர்டு வண்டியில் கடைச் சரக்கு ஏற்றிப் போவதும் நடக்கிறது. அப்படி இருந்தால் உள்ளே என்ன சரக்கு இருந்தது என்பதையும் படத்தில் பதிவு செய்துவிடுங்கள். டிரெய்லர் வண்டி என்றால் இழுக்கும் முன்வண்டிக்கு ஒரு எண்ணும், பின்னால் வரும் டிரெய்லருக்கு இன்னொரு எண்ணும் இருக்கலாம். இரண்டும் வேண்டும்.

அடுத்தது கதவு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 84-வது பிரிவு, பர்மிட் உள்ள வண்டியின் இரண்டு பக்கமும் அதை இயக்குபவரின் பெயரும் முகவரியும் தெளிவாகத் தெரியும்படி எழுதியிருக்க வேண்டும் என்கிறது. பெயிண்ட் உதிர்ந்து பாதி எழுத்துதான் தெரிந்தாலும் படம் எடுங்கள். ஆனால் பெட்டியிலோ தார்ப்பாயிலோ பெரிதாக அச்சடித்திருக்கும் சிமெண்ட், பிஸ்கட், கூரியர் கம்பெனியின் பெயரைப் பார்த்து, அவர்கள்தான் வண்டிக்காரர் என்று முடிவு கட்ட வேண்டாம். அது பெரும்பாலும் சரக்கு யாருடையது என்பதைத்தான் சொல்லும். அதுவும் பின்னால் உதவும் என்பதால் படம் இருக்கட்டும்.

ஓட்டுநரிடம் பேச முடிந்தால் மூன்று கேள்வி போதும். ஓனர் யார்? லோடு எங்கிருந்து எங்கே போகிறது? உங்களுக்குச் சம்பளமும் பேட்டாவும் யார் தருகிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் பல நேரம் ஆர்.சி.யில் இல்லாத பெயராக இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லியே ஆக வேண்டும்: கூட்டம் ஓட்டுநரை அடிக்கத் தொடங்கினால் அவர் ஓடிவிடுவார். அவரோடு இந்தத் தகவலும் போய்விடும். தயவுசெய்து யாராவது தடுத்து நிறுத்துங்கள். அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

கேபினுக்குள் நீங்கள் ஏற வேண்டாம். உள்ளே இருக்கும் எல்.ஆர். (சரக்கை ஏற்றியதற்கு டிரான்ஸ்போர்ட் தரும் ரசீது), இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான ஜி.எஸ்.டி. ஆவணம்), டிரிப் ஷீட் எல்லாவற்றையும் காவலர்கள்தான் எடுக்க வேண்டும். அவற்றைக் கைப்பற்றும்படி நீங்கள் கேட்கலாம், கேளுங்கள். பக்கத்து பெட்ரோல் பங்க், டோல்கேட், ஹோட்டல் ஆகியவற்றின் கேமராப் பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும் என்பதையும் விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

படி 2: எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

டி.என். 28 என்றால் நாமக்கல், 34 என்றால் திருச்செங்கோடு. இந்த இரண்டு ஊர் எண்களையும் தாங்கிய லாரிகளை நாட்டின் எந்த மூலையிலும் பார்க்கலாம். என்.எல். 01 என்று இருந்தால் நாகாலாந்துப் பதிவு. அதற்காக ஓனர் கோஹிமாவில் இருக்கிறார் என்று மலைத்துப்போக வேண்டாம். வரி, பர்மிட் காரணங்களுக்காக அங்கே பதிவு செய்துவிட்டு இங்கேயே ஓட்டும் பஸ், லாரி முதலாளிகள் பலர் உண்டு.

டி.என். 01 என்., டி.என். 38 என். என்று நடுவில் 'என்' வந்தால் அது பெரும்பாலும் அரசுப் பேருந்து. அப்போது வேலை சுலபம். மாநகர் போக்குவரத்துக் கழகம், அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம், விழுப்புரம், கும்பகோணம், சேலம், கோவை, மதுரை, திருநெல்வேலிக் கழகங்கள் எல்லாமே தனித்தனி நிறுவனங்கள். எந்தக் கழகம் என்பது பஸ்ஸின் மேலேயே எழுதியிருக்கும். அரசுப் பேருந்துகளுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்கு உண்டு என்பதால் இழப்பீட்டைக் கழகமே தர வேண்டும். இழப்பீட்டு மனுவில் அதன் மேலாண்மை இயக்குநரை எதிர்மனுதாரராக, அதாவது எதிர்த்தரப்பாகச் சேர்ப்பார்கள்.

படி 3: போனில் ஐந்து நிமிடம்

எம்பரிவாகன் செயலியையோ, வாகன் இணையதளத்தையோ திறந்து மொபைல் எண்ணைக் கொடுத்து உள்ளே போங்கள். வண்டி எண்ணைப் போட்டால் பதிவு செய்த அலுவலகம், பதிவு தேதி, வண்டி வகை, எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை என்பவை வரும். ஓனர் பெயரில் சில எழுத்துகளை நட்சத்திரக் குறியால் மறைத்திருப்பார்கள். முழுப் பெயர் இங்கே கிடைக்காது. பார்த்ததை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விபத்துக்குப் பிறகு பெயர் மாற்றம் செய்துவிட்டால் புதுப் பெயர்தான் தெரியும். நமக்கு வேண்டியது விபத்து நடந்த அன்று யார் பெயரில் இருந்தது என்பது.

படி 4: காவல் நிலையமும் ஆர்.டி.ஓ.வும்

முழு விவரம் கிடைக்கும் இடம் இதுதான். நாங்கள் கோட்டை விட்ட இடமும் இதுதான்.

முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பாதிக்கப்பட்டவருக்கு இலவசமாகத் தர வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் எடுத்துக்கொள்ளலாம். அதில் வண்டி எண் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். ஒரு இலக்கம் மாறினாலும் திருத்த அலைய வேண்டியிருக்கும். அதோடு பார்வை மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்துக் காவலர்கள் எழுதும் குறிப்பு), அந்த இடத்தின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை ஆகியவற்றையும் கேளுங்கள். ஆய்வாளர் அறிக்கையில் சேசிஸ் எண், பர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ் விவரம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை, விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். வண்டியின் உரிமையாளர் 30 நாளுக்குள் தனக்குரிய படிவத்தை நிரப்பி அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கை தயாராக வேண்டும். "உரிமையாளர் படிவம் வந்துவிட்டதா சார்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விஷயம் தெரிந்தவர் என்று புரிந்துகொண்டு பேசுவார்கள்.

விவரம் தரத் தயங்கினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 160-வது பிரிவைச் சொல்லி எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். இழப்பீடு கோருபவர் கேட்டால், உரிய கட்டணம் வாங்கிக்கொண்டு வண்டியின் அடையாள விவரத்தையும் விபத்தின்போது அதைப் பயன்படுத்தியவரின் பெயர் முகவரியையும் காவல் நிலையமோ பதிவு அலுவலகமோ தந்தாக வேண்டும் என்பது அந்தப் பிரிவு. ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி. விவரம் கேட்கும்போது பழைய உரிமையாளர்கள், பெயர் மாறிய தேதிகள், கடன் கொடுத்த நிறுவனம் ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

நிலையத்தில் நிற்கும் லாரியை விடுவிக்க யார் வந்து கையெழுத்துப் போடுகிறார் என்பதும் கவனிக்க வேண்டியது. எங்கள் விஷயத்தில், வண்டியைப் பேச்சளவில் வாங்கியவரின் பெயர் அந்தத் தாளில்தான் முதன்முதலாக வெளியே வந்தது.

படி 5: பல பெயர்கள் வந்தால் யார் பொறுப்பு?

சாதாரணமாக நான்கு பேர் வருவார்கள். ஆர்.சி. ஓனர், கடன் கொடுத்த ஃபைனான்ஸ், வண்டியை ஓட்டும் டிரான்ஸ்போர்ட், சரக்குக்குச் சொந்தக்காரர்.

ஆர்.சி. ஓனர் விலக முடியாது. "விற்றுவிட்டேன்" என்று சொன்னால் போதாது. நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதில் கார் பல கை மாறியிருந்தது. ஆனாலும் விபத்து நாளில் பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவரே உரிமையாளர் என்றது நீதிமன்றம். அப்பாவி மனிதர் ஒவ்வொரு கையாகத் தேடி அலையக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. இந்தத் தீர்ப்பை எங்கள் வக்கீல் சொன்னபோது சித்தி அழுதேவிட்டார்.

ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் ஆர்.சி.யில் இருப்பதால் மட்டும் அவர்கள் பொறுப்பாவதில்லை. கடன் ஒப்பந்தம், தவணை முறை, குத்தகை ஆகியவற்றில் வண்டியைக் கையில் வைத்திருப்பவரையே உரிமையாளராகச் சட்டம் பார்க்கிறது.

வாடகைக்கு எடுத்து ஓட்டும் டிரான்ஸ்போர்ட் விஷயத்தில், ஓட்டுநரும் வண்டியும் யார் சொல்படி நடந்தன என்பதுதான் கேள்வி. தனியாரிடம் வாடகைக்கு எடுத்த பஸ் விபத்தில் சிக்கியபோது, அதைத் தன் கட்டுப்பாட்டில் ஓட்டிய ராஜஸ்தான் போக்குவரத்துக் கழகமும் பொறுப்பு என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால்தான் "சம்பளம் யார் தருகிறார்" என்ற கேள்வியை முதலிலேயே கேட்கச் சொன்னேன். வழி சொன்னது, நேரம் குறித்தது, பேட்டா அனுப்பியது எல்லாம் டிரான்ஸ்போர்ட் என்றால், அதற்கான தாள்கள் உங்களுக்குத் தேவை. ஒரு லோடை மட்டும் ஏற்றிவிட்ட புக்கிங் ஆபீசைப் பொறுப்பாக்குவது கடினம். சரக்குக்காரரைப் பொறுப்பாக்குவது அதைவிடக் கடினம். ஆனால் யார் எந்த வண்டியை யார் மூலம் அனுப்பினார்கள் என்று சாட்சி சொல்ல அவர்கள் உதவுவார்கள்.

படி 6: பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருக்கும் ஆள்

எல்.ஆர்., பில், இ-வே பில் ஏதாவது ஒன்றில் 15 எழுத்துள்ள ஜி.எஸ்.டி. எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம். 33 என்றால் தமிழ்நாடு. அடுத்த பத்தும் பான் எண். மொத்தத்தில் ஆறாவதாக வரும் ஆங்கில எழுத்தைப் பாருங்கள். அது 'சி' என்றால் கம்பெனி. 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம். 'பி' என்றால் தனி மனிதர். 'டிரான்ஸ்போர்ட்ஸ் அண்ட் கோ' என்று பலகை பெரிதாக இருந்தாலும், எண்ணில் 'பி' இருந்தால் அது ஒரே ஆளின் கடை. நோட்டீஸ் அவர் பெயருக்குத்தான் போக வேண்டும்.

ஜி.எஸ்.டி. இணையதளத்தில் இந்த எண்ணைப் போட்டால் கடைப் பெயரும் சட்டப்படியான பெயரும் தனித்தனியாக வரும். கம்பெனி என்றால் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பதிவு அலுவலக முகவரி கிடைக்கும். பள்ளி, கல்லூரி பஸ்களில் ஒரு எச்சரிக்கை: பஸ்ஸில் பள்ளியின் பெயர் இருக்கும், ஆர்.சி. ஒரு அறக்கட்டளையின் பெயரில் இருக்கும்.

படி 7: இன்சூரன்ஸும் மனுவும்

எந்தக் கம்பெனியின் பாலிசி என்று தெரியாவிட்டால், இந்தியக் காப்பீட்டுத் தகவல் மையத்தின் 'வி சேவா' பக்கத்தில் வண்டி எண்ணையும் விபத்து தேதியையும் கொடுத்துத் தேடலாம். வண்டி விற்கப்பட்டிருந்தாலும் மூன்றாம் நபருக்கான காப்பீடு வண்டியோடு சேர்ந்தே போகும். விற்றதைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் ஒதுங்க முடியாது.

இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். 2022-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் வைத்திருக்கும் கெடு அது. விபத்து நடந்த ஊர், நீங்கள் குடியிருக்கும் ஊர், எதிர்மனுதாரர் இருக்கும் ஊர் ஆகியவற்றில் எங்குள்ள தீர்ப்பாயத்திலும் போடலாம். நாகாலாந்து நம்பர் வண்டிக்காக நீங்கள் நாகாலாந்து போக வேண்டியதில்லை.

வண்டியே தெரியாமல் போய்விட்டால் வழி வேறு. இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியால் உயிர் போனால் 2 லட்சமும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் 161-வது பிரிவின்படி கிடைக்கும். அதற்கான விண்ணப்பம் தனி.

சித்தப்பாவின் மனுவில் ஆர்.சி. ஓனர், வண்டியை விடுவிக்க வந்தவர், டிரான்ஸ்போர்ட், காப்பீட்டு நிறுவனம் என்று நான்கு எதிர்மனுதாரர்களைச் சேர்த்தோம். கதவில் இருந்த முகவரிக்கு ஒரு நோட்டீஸ், ஜி.எஸ்.டி. தளத்தில் இருந்த முகவரிக்கு ஒன்று என்று டிரான்ஸ்போர்ட்டுக்கு இரண்டு பதிவுத் தபால்கள் அனுப்பினோம். கதவு முகவரிக்குப் போனது "அப்படி ஒருவர் இல்லை" என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. அந்தக் கவரைப் பிரிக்காமல் அப்படியே வக்கீலிடம் கொடுத்துவிட்டோம். உங்களுக்கும் அப்படித் திரும்பி வந்தால், பிரிக்காமலே பத்திரமாக வையுங்கள்.