மனம் ஓடிவிட்டதா? கூட்டி வாருங்கள்: மைண்ட்ஃபுல்னஸ், முதல் வாரப் பயிற்சி

"எனக்கு இதெல்லாம் வராது, மனசு ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது." மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இந்த நொடியில் நடப்பதைக் கவனிக்கும் தியானப் பயிற்சியை, பழகத் தொடங்கிப் பாதியில் விட்டவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். மனம் நின்றே ஆக வேண்டும் என்று இந்தப் பயிற்சி கேட்பதே இல்லை. கவனம் எங்கோ போய்விட்டது என்று தெரிகிறது அல்லவா, அந்த நொடியில் அதைத் திட்டாமல் திருப்பிக் கூட்டி வர வேண்டும். பயிற்சி இவ்வளவுதான். 5 நிமிடத்தில் 30 முறை ஓடினால் 30 முறை கூட்டி வாருங்கள். அத்தனையும் கணக்கில் சேரும்.

படி 1: 5 நிமிடம் மூச்சு

நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதியட்டும். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், விறைப்பாக வேண்டாம். கைப்பேசியில் 5 நிமிடத்துக்கு டைமர் வைத்து, திரையைக் கீழே கவிழ்த்து வையுங்கள். கண்ணை மூடலாம், அல்லது சில அடி தள்ளித் தரையில் பார்வையைத் தாழ்த்தி வைக்கலாம்.

மூச்சைக் கவனிக்க ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: மூக்கு நுனி அல்லது வயிறு. எழும்வரை இடத்தை மாற்ற வேண்டாம். வயிற்றில் அசைவே தெரியவில்லை என்றால் உள்ளங்கையை அதன்மேல் வையுங்கள், தெரியும். ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் மனதுக்குள் ஒன்று, இரண்டு என 10 வரை எண்ணி, மறுபடி 1. நடுவில் எண் தவறினாலும் 1தான்.

யோசனையில் போய்விட்டது தெரிந்தால் அதற்கு ஒரே சொல்லில் பெயர் வையுங்கள்: "கவலை", "திட்டம்", "பழைய பேச்சு". ஒரு சொல் போதும். ஏன் இந்தக் கவலை வந்தது என்று ஆராயத் தொடங்கினால் அது அடுத்த யோசனை ஆகிவிடும்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு, மூச்சைக் கவனிக்கச் சொன்னதும் இழுத்து இழுத்து விடத் தொடங்குவது. வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை லேசாகச் சுற்றும், விரல் நுனி மரத்ததுபோல் இருக்கும். அப்படி ஆனால் மூச்சை அதன் போக்கில் விட்டுவிட்டு, பாதம் தரையைத் தொடும் உணர்வுக்குக் கவனத்தை மாற்றுங்கள். தூக்கம் வந்தால் கண்ணைத் திறந்துகொள்ளுங்கள். படுக்கையிலும், வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடும் உட்கார வேண்டாம்.

படி 2: தினசரி வேலை ஒன்று

2010இல் ஹார்வர்டு உளவியலாளர்கள் இருவர், 2,250 பேரிடம் கைப்பேசி வழியே அவ்வப்போது கேட்டுப் பார்த்தார்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய 47 சதவீதம், செய்கிற வேலையை விட்டு மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி இருந்த நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது.

அதனால் தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையைப் பிடியுங்கள். பல் துலக்குவது எங்கள் முதல் சிபாரிசு. 2 நிமிடத்தில் முடிந்துவிடும். பிரஷ்ஷை எவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறீர்கள்? தோள் காதுப் பக்கம் ஏறியிருக்கிறதா? கடைவாய்ப் பல்லின் உள்பக்கம் போனதும் சத்தம் மாறுகிறது, கேளுங்கள். பற்பசையின் காரம் முதலில் நாக்கு நுனியில் உறைக்கிறதா, ஈறிலா? அலுவலக யோசனை வந்தால் திரும்ப ஈறுக்கு வாருங்கள். மெதுவாகத் துலக்க வேண்டியதில்லை, வழக்கமான வேகமே சரி.

ஒரு வாரம் முழுக்க அந்த ஒரே வேலை. குளிப்பது, நடப்பது, சாப்பிடுவது என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடித்தால் எதுவும் நிலைக்காது.

படி 3: பதிலுக்கு முன் 3 மூச்சு

பலன் கண்ணுக்குத் தெரிவது இங்கேதான். எரிச்சலூட்டும் ஒரு செய்தி வருகிறது, விரல் தானாகத் தட்டச்சு செய்யப் போகிறது. கைப்பேசியை வைத்துவிட்டு 3 மூச்சு விடுங்கள். தாடை இறுகியிருக்கிறதா, வயிறு பிசைகிறதா என்று பாருங்கள். "கோபம் வந்திருக்கு" என்று மனதுக்குள் சொல்லுங்கள். பிறகு பதில் எழுதுங்கள். கோபம் போயிருக்காது, போக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் எந்தப் பதிலை அனுப்புவது என்பது இப்போது உங்கள் கையில் இருக்கும்.

எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம்?

1979இல் ஜான் கபாட்-ஸின் என்ற அமெரிக்க விஞ்ஞானி, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நாள்பட்ட வலி உள்ளவர்களுக்காக மைண்ட்ஃபுல்னஸை ஒரு பயிற்சித் திட்டமாகத் தொடங்கினார். இன்று உலகெங்கும் நடக்கும் 8 வார வகுப்புகளின் மூலம் அதுதான். 2014இல் வெளிவந்த ஒரு மருத்துவ ஆய்வுத் தொகுப்பு, தியானம் பற்றிய 47 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகிய மூன்றும் ஓரளவு குறைந்ததற்கு ஆதாரம் இருந்தது. தூக்கத்துக்கும் கவனத்திறனுக்கும் அந்த அளவு ஆதாரம் கிடைக்கவில்லை. உடற்பயிற்சியையோ மருந்தையோ மிஞ்சியது என்பதற்கும் சான்றில்லை. எனவே சாப்பிட்டு வரும் மாத்திரையை இதை நம்பி நிறுத்தாதீர்கள்.

பெரிய அதிர்ச்சியைக் கடந்து வந்தவர்களுக்குக் கண்மூடி உட்கார்ந்தால் பழைய காட்சிகள் திரும்பி வரலாம். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டாம். கண்ணைத் திறந்து, அறையில் கேட்கும் சத்தங்களுக்குக் கவனத்தை மாற்றுங்கள். அப்போதும் அடங்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு மனநல மருத்துவரிடம் பேசுங்கள்.

முதல் வாரத்தில் 5 நாளாவது உட்கார்ந்திருந்தால் அடுத்த வாரம் 8 நிமிடம் ஆக்கலாம். இல்லையென்றால் 5 நிமிடத்திலேயே இருங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் 10 நிமிடம் உட்கார்ந்து ஈடுகட்ட வேண்டாம், அன்றைக்கு உரிய 5 நிமிடம் போதும்.