பார்க்கின்சன் ஸ்கேன்: சீட்டு எழுதும் முன் செய்கிற தவறுகள்

ராமநாதபுரம் கடலோரத்தில் நரம்பு நோயாளிகளைப் பார்க்கிறேன். கை நடுங்கியபடி ஒருவர் உள்ளே வந்ததும், பயிற்சிக்கு வந்திருக்கும் இளம் மருத்துவர்கள் ஸ்கேன் சீட்டை எடுத்துவிடுகிறார்கள். நானும் அப்படி எழுதியவன்தான், அதனால்தான் பேசாமல் இருக்க முடியவில்லை. ஒருமுறை செய்தால் தானே திருந்திவிடும் சின்னத் தவறுகளை இங்கே எழுதவில்லை.

எம்.ஆர்.ஐ. நார்மல், அதனால் நோய் இல்லை

பார்க்கின்சன் என்பது, அசைவைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிந்து, அசைவு மெதுவாகும், கை நடுங்கும் நோய். அதன் தொடக்க நிலையில் வழக்கமான எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் நார்மலாகத்தான் வரும். சிறு பக்கவாதங்கள், மூளையில் நீர் தேங்குவது, கட்டி போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்யத்தான் அதை எடுக்கிறோம். 3 டெஸ்லா காந்த வலிமையுள்ள கருவியில், இரும்புச்சத்தைப் பிரித்துக் காட்டும் முறையில் எடுத்தால், அந்தச் செல்கள் இருக்கும் நடுமூளைப் பகுதியான சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் தகைவிலான் குருவியின் பிளந்த வால் போல ஒரு வடிவம் தெரியும். நோய் வந்தவர்களிடம் அது மங்கி மறையும். அதைக் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும். நார்மல் ரிப்போர்ட்டைக் காட்டி "ஒண்ணுமில்லம்மா" என்று அனுப்பிவைக்காதீர்கள்.

மாத்திரைப் பையைப் பார்க்காதது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார், அறுபதை நெருங்கும் வயது. இரண்டு கையும் நடுங்கின, நடை சுருங்கியிருந்தது, முகத்தில் சிரிப்பே இல்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னேன், நார்மல். அடுத்து டோபமைன் ஸ்கேனுக்குச் சென்னைக்கு அனுப்பினேன். மகன் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு அம்மாவை ராத்திரி ரயிலில் கூட்டிப்போனார். காதுத் தோட்டை அடகு வைத்ததைப் பிறகுதான் சொன்னார்கள். அந்த ஸ்கேனும் நார்மல்.

மறுமுறை வந்தபோது பேத்தி ஒரு மஞ்சள் பையை மேசையில் கவிழ்த்தாள். "ஐயா, அப்பத்தா காலையில வெறும் வயித்துல இதப் போடும்." வயிற்று கேஸுக்கான கேப்ஸ்யூல், பேன்டோபிரசோலோடு லெவோசல்பிரைடு சேர்ந்தது. பழைய சீட்டைக் காட்டி எட்டு மாதமாக மருந்துக்கடையில் வாங்கியிருக்கிறார். நான் கேட்கவே இல்லை.

நான் அனுப்பிய டோபமைன் ஸ்கேனின் பெயர் ட்ரோடாட். அதில், டோபமைனை அனுப்பும் நரம்பு முனைகளில் போய் ஒட்டுகிற மருந்தை, 6 மணி நேரத்தில் பாதியாகக் குறையும் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளோடு சேர்த்து ஊசியாகப் போடுகிறார்கள். முனைகள் நலமாக இருந்தால் இரண்டு பக்கமும் கமா வடிவம் தெரியும். பார்க்கின்சனில் வால் தேய்ந்து முற்றுப்புள்ளியாகும். லெவோசல்பிரைடு அந்த முனைகளைத் தொடுவதில்லை. எதிரே டோபமைனை வாங்கிக்கொள்ளும் இடத்தைத்தான் அடைக்கிறது. படகுகள் மீனோடு வந்துகொண்டிருக்க, இறக்குகிற துறை அடைபட்டுக் கிடப்பது போல. ஸ்கேன் படகைத்தான் எண்ணும். அதனால் படம் நார்மல், ஆள் நடுங்குகிறார்.

மாத்திரையை நிறுத்தினோம். நான்கு மாதத்தில் அந்த அம்மா பழையபடி கருவாடு காயவைக்கப் போய்விட்டார். தோட்டை மீட்டார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு, தலைச்சுற்றலுக்கான சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளூனரிசின், மனநோய்க்கான ஹாலோபெரிடால் எல்லாம் இதே வேலையைச் செய்யக்கூடியவை. "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் சுகர், பிரஷர் மாத்திரையைத்தான் சொல்வார்கள். கேஸ் மாத்திரையை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை. வீட்டிலுள்ள அட்டைகள் அத்தனையையும் பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். மனநல மாத்திரைகளை மட்டும் எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மனநோய் தீர வேண்டி ஏர்வாடி தர்காவுக்கு வந்து தங்கும் குடும்பங்களிடம் இதை நான் இரண்டு முறை சொல்வேன். மற்ற மாத்திரைகளை நிறுத்தி ஆறு மாதமாகியும் நடுக்கம் போகவில்லையென்றால் அப்போது ஸ்கேனுக்கு அனுப்பலாம். உள்ளே மறைந்திருந்த நோயை மருந்து வெளியே கொண்டுவந்திருக்கலாம்.

ஸ்கேனால் சொல்ல முடியாததைக் கேட்பது

பார்க்கின்சனா, அதைப் போலவே தெரியும் வேறு மூளைத் தேய்வு நோய்களான பி.எஸ்.பி., எம்.எஸ்.ஏ.வா என்று டோபமைன் ஸ்கேன் பிரித்துச் சொல்லாது.

அப்பாவுக்கு இருந்ததே என்ற பயத்துக்கு ஸ்கேன்

அறிகுறி இல்லையென்றால் வேண்டாம்.

கையைப் பார்க்காமல் படத்தைப் பார்ப்பது

மண்டபத்தில் வலை பின்னுகிற ஒருவர் தோள் வலி என்று வந்தார். வலை ஊசியைக் கொடுத்துப் பின்னச் சொன்னேன். பத்துக் கண்ணி போவதற்குள் வலது கை சுணங்கியது, கண்ணிகள் சிறுத்துக்கொண்டே போயின. "அடுப்புல கருவாடு கருகினாக்கூட இவுகளுக்கு வாசம் தெரியல, தூக்கத்துல காலால எத்துறாக" என்றார் மனைவி. இரண்டு வருடமாக இப்படித்தானாம். நடுக்கம் துளியும் இல்லை. முன்பு சொன்ன மாதிரி மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை, பையையும் பார்த்துவிட்டேன். எம்.ஆர்.ஐ. நார்மல். அவரைத்தான் டோபமைன் ஸ்கேனுக்கு அனுப்பினேன். வலது கையை இயக்கும் மூளையின் இடப்பக்கத்தில் கமா முற்றுப்புள்ளியாகியிருந்தது. வலப்பக்கம் இன்னும் வால் இருந்தது.