கார் ஷெட்டில் மீன் அறை: கட்டுப்படியாகும் செலவில் அமைக்கும் முறை

தொட்டிக்கொரு ஹீட்டர், தொட்டிக்கொரு மோட்டார் ஃபில்டர், தொட்டிக்கொரு லைட் என்று வாங்க ஆரம்பித்தால் மீன் அறை கட்டுப்படியாகாது. ஆறு தொட்டிக்கு மேல் போகும் என்று தெரிந்தால், அறை முழுக்க ஒரே ஏர் பம்ப், ஒரே சூடு, ஒரே தண்ணீர் டிரம் என்று முதல் நாளே திட்டமிடுங்கள். மிச்சமாகும் பணத்தை இரண்டு இடத்தில் தாராளமாகச் செலவழிக்கலாம்: ஸ்டாண்ட், மின் பாதுகாப்பு.

முதல் வேலை, காரை நிரந்தரமாக வெளியே நிறுத்துவது. ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சி அப்படியே தண்ணீருக்குள் செலுத்துகிறது. எஞ்சின் புகை, பெயிண்ட், தின்னர், கொசு மருந்து ஆவி எல்லாமே அந்த வழியில் எல்லாத் தொட்டிக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். அதனால் பெயிண்ட் டப்பாவும் பூச்சிமருந்தும் இந்த அறையில் இருக்கவே கூடாது.

ஸ்டாண்ட்

60 × 45 × 30 செ.மீ. அளவுத் தொட்டி சிக்கனமானது. உயரம் குறைவு என்பதால் 6 மி.மீ. கண்ணாடியே போதும், நீர்ப்பரப்பு அகலமாக இருப்பதால் காற்று நன்றாகக் கலக்கும். 45 செ.மீ. பக்கம் முன்னால் வரும்படி வைத்தால், 200 செ.மீ. நீளம், 60 செ.மீ. ஆழமுள்ள ஸ்டாண்டில் தட்டுக்கு நான்கு, மூன்று தட்டுக்குப் பன்னிரண்டு தொட்டி பிடிக்கும். தரையிலிருந்து 20, 75, 130 செ.மீ. உயரத்தில் தட்டுகள். தொட்டிக்கு மேலே கையும் வலையும் போக 20 செ.மீ. இடம் வேண்டும், அதைக் குறைத்தால் பராமரிப்பையே தள்ளிப்போட ஆரம்பித்துவிடுவோம்.

மணலும் தண்ணீருமாக ஒரு தொட்டி கிட்டத்தட்ட 100 கிலோ. மொத்தம் 1.2 டன். 40 × 40 மி.மீ., 2 மி.மீ. தடிமன் ஸ்கொயர் பைப் இதைத் தாங்கும், ஆனால் முன்னாலும் பின்னாலும் நடுக்கால் வேண்டும். நடுக்கால் இல்லாமல் 200 செ.மீ. நீளத்துக்கு விட்டால் பைப் ஒன்றரை செ.மீ. வரை தொய்யும், கண்ணாடி அந்தத் தொய்வைத் தாங்காமல் மூலையில் விரியும். நடுக்கால் வைத்தால் தொய்வு ஒரு மி.மீ.க்குள் அடங்கும். ஆறு கால்களில் அதிக பாரம் நடுக்கால்களில்தான் இறங்கும். காலுக்கடியில் 10 செ.மீ. சதுர இரும்புத் தகடு வையுங்கள். தரை வெறும் கான்கிரீட்டாக இருப்பதே நல்லது. அடியில் வெற்றிடமுள்ள டைல்ஸ் உடையும்.

கார் ஷெட்டின் தரை பெரும்பாலும் வாசல் பக்கம் சரிந்திருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது. டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய்) பிடித்து, கால்களுக்கு அடியில் தகடு கூட்டிச் சமப்படுத்திய பிறகே தொட்டி ஏற வேண்டும். தட்டின் பலகைக்கும் தொட்டிக்கும் நடுவே 10 மி.மீ. தெர்மோகோல்.

பழைய தொட்டி வாங்கினால் வெளியே வைத்து, விளிம்புவரை நிரப்பி மூன்று நாள் பாருங்கள். ஒட்டுவதற்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கான்தான். குளியலறை சிலிக்கானில் பெரும்பாலும் அந்த மருந்து இருக்கும்.

காற்று

தொட்டிக்கு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் (காற்றுக்குமிழி ஏறும்போது தண்ணீரை ஸ்பாஞ்ச் வழியே இழுக்கும் வடிகட்டி), அதற்கு நிமிடத்துக்கு 2 முதல் 3 லிட்டர் காற்று. பன்னிரண்டுக்கு 36 லிட்டர். டிரம்முக்கும் கையிருப்புக்கும் சேர்த்து 50 முதல் 60 லிட்டர் தரும் லீனியர் பம்ப் ஒன்று போதும். முக்கால் அங்குல பிவிசி பைப்பை அறையைச் சுற்றி வளையமாக ஓட்டி, இரு முனைகளையும் இணைத்துவிடுங்கள். முனை மூடிய ஒற்றை லைனில் கடைசித் தொட்டிகளுக்குக் காற்று இளைக்கும். வளையத்தில் எங்கும் ஒரே அழுத்தம் கிடைக்கும். பைப்பில் துளையிட்டு வால்வுகளைத் திருகிக்கொள்ளலாம்.

எல்லா வால்வையும் இறுக்கி மூடி பம்ப்பைத் திணறவிடாதீர்கள். அழுத்தம் ஏறினால் பம்ப் சூடாகி டயாஃப்ரம் (உள்ளே அதிர்ந்து காற்றைத் தள்ளும் ரப்பர் தகடு) கிழியும். மிச்சக் காற்றைத் தண்ணீர் டிரம்முக்குத் திறந்துவிடுங்கள். பம்ப் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். கீழே வைத்தால், மின்சாரம் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே திரும்பி பம்ப்புக்குள் இறங்கிவிடும். உதிரி டயாஃப்ரம் ஒன்றை இப்போதே வாங்கி வையுங்கள்.

சூடும் ஈரமும்

வெப்பம் அதிகம் தப்புவதும் நுழைவதும் கதவு வழியாகவும் கூரை வழியாகவும்தான். இரண்டுக்கும் 50 மி.மீ. ஃபோம் போர்டு, கதவு இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை. குளிரில், தெர்மோஸ்டாட் வைத்த ஒரே ரூம் ஹீட்டரால் அறையைச் சூடாக்குங்கள். மேல் தட்டு எப்போதும் கீழ்த் தட்டைவிடச் சூடாகவே இருக்கும். சிறு ஃபேன் ஓடினால் வித்தியாசம் குறையும், மிச்சத்துக்கு ஏற்ப மீனைத் தேர்ந்தெடுங்கள். தகரக் கூரைக்கடியில் பிரச்சினை நேர்மாறு: 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மி.கிராம் ஆக்சிஜன் பிடிக்கும் தண்ணீர், 30 டிகிரியில் 7.6 மட்டுமே பிடிக்கும். வெயில் காலத்தில் மீன் எண்ணிக்கையைக் குறைப்பதே சரியான வழி.

ஃபோம் போர்டின் அறைப் பக்கத்தை பாலித்தீன் ஷீட்டால் மூடுங்கள். இல்லாவிட்டால் ஈரம் போர்டுக்குப் பின்னால் போய்ப் பூஞ்சை பிடிக்கும், கூரை இரும்பு துருப்பிடிக்கும். தொட்டிகளுக்குப் பாலிகார்பனேட் மூடி வெட்டிப் போட்டால் ஆவியாவது பெருமளவு குறையும். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும்.

மின்சாரம்

இந்த அறைக்கென்று தனி சர்க்யூட், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்). இதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். பிளக் பாயிண்ட் தொட்டிக்குக் கீழே வேண்டாம். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்கு ஏறும் முன் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும். ஒயரில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தட்டுக்கு ஒரு நான்கடி எல்இடி பேட்டன் நடுவில் போட்டு, டைமரில் எட்டு மணி நேரம் எரியவிட்டால் போதும்.

தண்ணீர்

மொத்தம் சுமார் 900 லிட்டர். வாரம் 20 சதவீதம் மாற்ற 180 லிட்டர், அதாவது 200 லிட்டர் டிரம் ஒன்று. உணவுப் பொருள் வந்த டிரம்மாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் காற்று விட்டால் குளோரின் போய்விடும். குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்த தண்ணீரென்றால் அது போகாது, அதற்கு குளோரின் நீக்கும் மருந்து ஊற்றியே ஆக வேண்டும். டிரம்மிலிருந்து சிறு மோட்டாரும் ஹோஸும் போதும், வாளி தூக்க வேண்டாம். தொட்டியில் துளையிட்டு ஓவர்ஃப்ளோ வைப்பதும் நல்ல ஏற்பாடுதான், ஆனால் டெம்பர்ட் (சூடாக்கிக் கடினப்படுத்திய) கண்ணாடியில் டிரில் பட்டால் தூள் தூளாகிவிடும். எது டெம்பர்ட் என்று உறுதி தெரியாத தொட்டியைத் தொடாதீர்கள்.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவையும் அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டையும் மாற்றும் பாக்டீரியா, முதலில் ஸ்பாஞ்சில் வளர வேண்டும். அதற்கு மீன் விடும் முன் ஒரு தொட்டியில் பன்னிரண்டு ஸ்பாஞ்சையும் சேர்த்துப் போட்டு, அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மி.கிராம்) வருமளவு கலந்து, 26 முதல் 28 டிகிரியில் ஓடவிடுங்கள். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இடையில் அம்மோனியா பூஜ்யத்துக்கு இறங்கினால் மறுபடி கலக்க வேண்டும், இல்லாவிட்டால் பாக்டீரியா பட்டினி கிடக்கும். கலந்த அம்மோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி நைட்ரைட்டும் பூஜ்யமானால் ஸ்பாஞ்சுகள் தயார். எடுத்துத் தொட்டிக்கு ஒன்றாகப் பிரித்துப் போட்டு அன்றே சில மீன்களை விடுங்கள். காலித் தொட்டியில் கிடந்தால் வளர்ந்த பாக்டீரியா வீணாகும்.

நோய் பரவுவது பெரும்பாலும் வலை வழியாக. புதிய மீனுக்குக் கீழ்த் தட்டின் ஓரத் தொட்டியை ஒதுக்கி, அதற்குத் தனி வலை, தனி ஹோஸ் வைத்து, நான்கு வாரம் கழித்தே மற்றவற்றோடு சேருங்கள்.

மின்வெட்டுக்கு, பம்ப்பை மட்டும் இன்வெர்ட்டரில் கொடுங்கள். அது இழுப்பது சில பத்து வாட்தான். ஹீட்டரை அதில் சேர்த்தால் பேட்டரி சீக்கிரமே இறங்கிவிடும். மூடி போட்ட, ஃபோம் அடித்த அறை சூட்டைச் சில மணி நேரம் தானாகவே பிடித்து வைக்கும்.