கெட்ட செய்தியைக் கேட்காத நாடு: பெருந்தொற்றுக் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021 பிப்ரவரி முதல் வாரத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டது. ரத்தத்தில் கொரோனா எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று நாடு முழுக்கப் பார்த்த ஆய்வின் மூன்றாவது சுற்று அது. 18 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 21 சதவீதம் பேருக்குத்தான் தொற்று வந்து போயிருந்தது. அதாவது ஐந்து பேரில் கிட்டத்தட்ட நான்கு பேருக்கு இந்தக் கிருமியிடமிருந்து எந்தப் பாதுகாப்பும் இல்லை. தடுப்பூசியோ அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

அந்த ஒரு எண்ணே போதும், உஷாராவதற்கு. ஆனால் மார்ச் முதல் வாரத்தில் அன்றைய மத்திய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன், இந்தியா பெருந்தொற்றின் கடைசிக் கட்டத்தில் இருப்பதாகச் சொன்னார். ஹரித்வாரில் கும்பமேளா நடந்தது. தமிழ்நாட்டிலும் மேற்கு வங்கத்திலும் தேர்தல் கூட்டங்களில் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மே 7 அன்று வந்த கணக்கில் ஒரே நாளில் 4 லட்சத்து 14 ஆயிரம் பேருக்குத் தொற்று.

இந்தியா அந்த இரண்டு வருடங்களில் செய்த தவறுகளை எழுத ஆரம்பித்தால் பட்டியல் நீளும். என் பார்வையில் அவற்றில் பெரும்பாலானவை ஒரே வேரில் கிளைத்தவை. கெட்ட செய்தி மேலே போய்ச் சேரவில்லை. சேர்ந்தபோதும் யாரும் காதில் வாங்கவில்லை. அடுத்த பெருந்தொற்று எந்தக் கிருமியால் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இந்தத் தவறுகள் மறுபடி வரும் வழி நமக்குத் தெரியும்.

அலை ஓய்ந்ததும் வேலையை நிறுத்துவது

முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் நடுவில் சில மாதங்கள் கிடைத்தன. அந்த இடைவெளியில் என்ன செய்தோம் என்பதற்கு ஆக்சிஜன் கதையே சாட்சி.

மருத்துவமனைக்கான திரவ ஆக்சிஜன் பெரும்பாலும் தொழிற்சாலைகளில், குறிப்பாகக் கிழக்கு மாநிலங்களின் உருக்காலைப் பகுதிகளில் தயாராகிறது. அதை மைனஸ் 180 டிகிரிக்கும் கீழான குளிரில், அதற்கென்றே செய்த டேங்கர்களில்தான் கொண்டுபோக முடியும். டெல்லியில் திடீரென்று தேவை கூடினால் ஒடிசாவிலிருந்து டேங்கர் வந்து சேர நாள் கணக்கில் ஆகும். இதற்கு ஒரு மாற்று உண்டு. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் சிறு ஆலையை மருத்துவமனை வளாகத்திலேயே நிறுவிவிடலாம். இந்த யோசனை அரசுக்கும் தெரிந்ததுதான். 2020 அக்டோபரில் டெண்டர் விட்டார்கள். 162 ஆலைகளுக்கு அனுமதியும் கொடுத்தார்கள். நவம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு, ஆக்சிஜன் விநியோகத்தை உறுதிப்படுத்துங்கள், படுக்கைகளைக் கூட்டுங்கள் என்று எழுத்திலேயே சொன்னது. 2021 ஏப்ரல் மத்தியில், டெல்லியில் நோயாளிகள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது, நிறுவப்பட்டிருந்த ஆலைகள் 33.

இங்கே அறிவியலுக்கோ அனுமதிக்கோ குறை இல்லை. ஆபத்து முடிந்துவிட்டது என்று மேலே இருப்பவர்கள் சொன்ன பிறகு, கீழே கோப்பை நகர்த்துகிறவருக்கு அவசரம் போய்விடுகிறது. ஒரு தலைவர் முன்கூட்டியே வெற்றியை அறிவிப்பதன் நிஜமான விலை இதுதான்.

நான்கு மணி நேர அவகாசம்

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவிலிருந்து நாடே மூடப்பட்டது. அன்று நாட்டில் தொற்று உறுதியானவர்கள் ஐந்நூற்றுச் சொச்சம் பேர்தான். சீக்கிரமாக மூடுவதில் ஒரு நியாயம் இருந்தது. பரிசோதனைக் கூடங்களைத் தயார்செய்ய நேரம் கிடைக்கும். ஆனால் தினக்கூலிக்குப் போகிறவர் நாளைக்கு எதைச் சாப்பிடுவார், வாடகை கொடுக்க முடியாதவர் எங்கே போவார் என்ற கேள்விகளுக்கு அந்த இரவில் பதில் தயாராக இல்லை. ரேஷன், பண உதவி பற்றிய அறிவிப்பு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் நெடுஞ்சாலைகளில் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். மே 8 அன்று அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய 16 தொழிலாளர்கள் மேல் சரக்கு ரயில் ஏறியது. அந்தச் செப்டம்பரில், ஊர் திரும்பும் வழியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படியொரு கணக்கு தங்களிடம் இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் கொடுத்தது.

சென்னையிலும் இதே தவறு சிறிய அளவில் நடந்தது. ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று 24ஆம் தேதி அறிவித்தார்கள். 25ஆம் தேதி காய்கறி வாங்க ஊரே கடைத்தெருவில் திரண்டது. கொஞ்ச நாளில் கோயம்பேடு சந்தை பெரிய தொற்று மையமானது. அங்கிருந்து ஊருக்குத் திரும்பிய சுமைதூக்கும் தொழிலாளர்களும் வியாபாரிகளும் அரியலூர், கடலூர், விழுப்புரம் வரை அறியாமலே தொற்றைக் கொண்டுபோனார்கள். மே 5 அன்று சந்தையை மூடியபோது கை மீறியிருந்தது. கூட்டத்தைத் தடுக்கப் போட்ட உத்தரவே கூட்டத்தைக் கூட்டிவிட்டது.

ஒரு வருடம் கழித்து, இதே தமிழ்நாட்டில் இந்தப் பாடம் கொஞ்சம் உறைத்திருந்தது தெரிந்தது. 2021 மே மாத முழு ஊரடங்குக்கு முன்னால் இரண்டு நாள் கடைகளைத் திறந்துவைத்தார்கள். ஊருக்குப் போகிறவர்களுக்குப் பேருந்து விட்டார்கள். காய்கறி வண்டிகள் தெருவுக்கே வந்தன. அரிசி அட்டை வைத்திருந்த குடும்பங்களுக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாய் ரேஷன் கடையில் கையில் கிடைத்தது. அப்போதும் கூட்டம் கூடியது, உண்மைதான். ஆனாலும் ஜனங்களை வீட்டில் இருக்கச் சொல்கிற அரசு, அவர்கள் வீட்டில் இருக்க வழி செய்ய வேண்டும் என்ற புரிதல் அதில் இருந்தது.

நோயைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாக்குவது

2020இல் நாம் கையில் எடுத்த சட்டம் 1897ஆம் ஆண்டு கொள்ளைநோய்ச் சட்டம். பம்பாயில் பிளேக் பரவியபோது பிரிட்டிஷ் அரசு அவசரமாக எழுதியது, நாலே பிரிவுகள். வீடு புகுந்து சோதனை போட்ட விதத்தில் புனே மக்கள் கொதித்துப்போனார்கள். அங்கே பிளேக் பணிக்குப் பொறுப்பாக இருந்த ரேண்ட் என்ற அதிகாரியைச் சாபேகர் சகோதரர்கள் அதே வருடம் சுட்டார்கள். நோயைவிட அதைத் தடுக்க வந்தவர்களுக்கு மக்கள் அதிகம் பயந்தால் என்ன ஆகும் என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

சாத்தான்குளத்தில் 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்துவைத்திருந்தார்கள் என்று ஒரு தந்தையையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். காவலர்கள் மீது கொலைக் குற்றம் சாட்டி சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. சுகாதார நடவடிக்கை என்று தொடங்கிய ஒன்று இங்கே வந்து நின்றது என்பதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

வெளியே அவ்வளவாகத் தெரியாத பாதிப்பும் உண்டு. சென்னையில் தொற்று வந்தவர் வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். டெல்லியில் தப்லீக் ஜமாத் என்ற இஸ்லாமிய அமைப்பு நடத்திய மாநாட்டுக்குப் போய்வந்தவர்களின் எண்ணிக்கையைத் தினமும் தனியாகச் சொல்லிச் சொல்லி, ஒரு சமூகத்தின் மேலேயே பழி விழ விட்டார்கள். அவர்களில் வெளிநாட்டவர் மீது போட்ட வழக்குகளை ரத்து செய்த பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாக 2020 ஆகஸ்டில் சொன்னது. இப்படியெல்லாம் நடந்தால் இருமல் இருக்கிறவர் பரிசோதனைக்கு வருவாரா? ஒளிந்துகொள்வார். அதற்கு நேர் எதிராக வேலை செய்தவை சென்னை மாநகராட்சியின் காய்ச்சல் முகாம்கள். தெருவிலேயே மருத்துவர் உட்கார்ந்திருப்பார். மாத்திரை வாங்க வந்தவரிடம் அங்கேயே மாதிரி எடுப்பார்கள். பயம் இல்லாத இடத்தில் ஆட்கள் தாமாகவே வந்தார்கள்.

பலன் தராது என்று தெரிந்த பிறகும் கொடுத்தது

தொற்றிலிருந்து குணமானவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பிளாஸ்மாவை நோயாளிக்கு ஏற்றும் சிகிச்சையைச் சோதித்துப் பார்த்த முதல் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 39 மருத்துவமனைகள், 464 நோயாளிகள், முறையான ஆய்வு. இறப்பைக் குறைக்கவில்லை என்ற முடிவு 2020 அக்டோபரிலேயே வெளியாகிவிட்டது. பெருமைப்பட வேண்டிய வேலை அது. ஆனால் சிகிச்சை வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மாவை எடுத்தது 2021 மே 17 அன்று. நடுவில் போன ஏழு மாதங்களில்தான் இரண்டாம் அலை அடித்தது. அப்பாவுக்குப் படுக்கை தேடிக்கொண்டே, மறுபக்கம் பிளாஸ்மா கொடுக்க ஆள் தேடி வாட்ஸ்அப்பில் கெஞ்சிய பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்தோம். ரெம்டெசிவிர் உயிரைக் காக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. 2021 மே மாதத்திலும் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் அந்த மருந்துக்காக விடிய விடிய வரிசை நின்றது.

உண்மையில் உயிரைக் காத்ததாக உறுதியானது டெக்ஸாமெதாசோன் என்ற மலிவான பழைய ஸ்டீராய்டு. அதுவும் ஆக்சிஜன் தேவைப்படும் நிலைக்குப் போனவர்களுக்கு. இது வேலை செய்யாது என்று ஓர் ஆய்வு சொல்லும்போது, ஒரு வாரத்துக்குள் அது ஒவ்வொரு மாவட்ட மருத்துவருக்கும் உத்தரவாகப் போய்ச் சேர வேண்டும். அது நடக்காவிட்டால் ஆய்வு நடத்தியே பயன் இல்லை.

இறந்தவர்களைக் குறைத்து எண்ணுவது

எல்லாவற்றிலும் மோசமானது இதுதான்.

2020 ஜூனில், சென்னை மாநகராட்சியின் பதிவேட்டில் இருந்த பல கொரோனா இறப்புகள் மாநில அரசின் பட்டியலில் இல்லை என்று செய்தி வெளியானது. அரசு ஒரு குழு போட்டுத் தணிக்கை செய்தது. ஜூலை 22 அன்று, விட்டுப்போன 444 இறப்புகளைக் கணக்கில் சேர்த்தது. அன்று கேலியும் கண்டனமும் வந்தன. நான் அதை நல்ல காரியம் என்றே சொல்வேன். தவறு நடந்தது, வெளியே தெரிந்தது, திருத்தினார்கள். அந்தத் தணிக்கையை ஒவ்வொரு மாநிலமும் அப்போதே செய்திருக்க வேண்டும்.

நாடு போன வழி வேறு. 2021 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தில் தாத்தாவுக்கு ஆக்சிஜன் கேட்டு ட்விட்டரில் எழுதிய இளைஞர் மேல் வழக்குப் பதிந்தார்கள். உதவி கேட்கிறவர்களின் வாயை அடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது. ஜூலையில், ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பாக எதையும் தெரிவிக்கவில்லை என்று மத்திய அரசு மாநிலங்களவையில் பதில் சொன்னது. குஜராத்தில் அதிகாரபூர்வ இறப்பு சுமார் 10,000; 50,000 ரூபாய் இழப்பீட்டுக்கு வந்த விண்ணப்பங்கள் அதைப் போலப் பல மடங்கு. 2022 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் 47 லட்சம் கூடுதல் இறப்புகள், அதாவது வழக்கமாக எதிர்பார்க்கும் அளவுக்கு மேற்பட்ட இறப்புகள், என்று மதிப்பிட்டபோது, கணக்கிட்ட முறையே தவறு என்று மத்திய அரசு மறுத்தது.

சரி, நம்முடைய சொந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பிறப்பு இறப்புப் பதிவு அறிக்கைப்படி 2020இல் நாடு முழுவதும் பதிவான இறப்புகள் 81 லட்சம். 2021இல் ஒரு கோடியே 2 லட்சம். ஒரே வருடத்தில் சுமார் 21 லட்சம் கூடியிருக்கிறது. பதிவு செய்யும் பழக்கம் கூடியதும் இதில் ஒரு பங்கு என்பது நிஜம். அதை மட்டும் வைத்து இவ்வளவையும் விளக்க முடியாது. இந்த அறிக்கை வெளியானது 2025 மே மாதத்தில்.

எண்ணிக்கை எதற்கு, போன உயிர் திரும்புமா என்று கேட்பவர்கள் உண்டு. எந்த மாவட்டத்தில் அதிகம் இறந்தார்கள், வீட்டிலா மருத்துவமனையிலா, எத்தனையாவது நாளில், என்ன வயதில் என்று தெரிந்தால்தான் அடுத்த முறை ஆம்புலன்ஸ் எங்கே வேண்டும், படுக்கை எங்கே வேண்டும் என்று முடிவு செய்ய முடியும். பிணவறைக் கணக்கை மறைக்கிற ஊரில், கையில் இருக்கிற டாக்டர்களை எங்கே அனுப்புவது என்றே தெரியாது.

பள்ளிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஊரடங்கில் மூடிய மதுக்கடைகளைத் தமிழ்நாட்டில் முதலில் திறந்தது 2020 மே 7. நீதிமன்றம் மூடச் சொல்லி, மறுபடி திறந்ததெல்லாம் அந்த மாதமே முடிந்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1. போன் இல்லாத வீட்டுக் குழந்தைக்கு அந்த ஒன்றரை வருடத்துக்கு மேலான காலம் அப்படியே போய்விட்டது. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் பிறகு வந்து எவ்வளவோ ஈடுகட்டினார்கள். அந்த யோசனை 2020லேயே வந்திருக்கலாம்.

கற்றுக்கொள்வது என்றால் என்ன

தென் கொரியாவில் 2015இல் மெர்ஸ் என்ற, கொரோனா வகைக் கிருமியால் வரும் நோய் பரவியது. 186 பேருக்குத் தொற்று, 38 பேர் இறப்பு. நோயாளிகள் இருந்த மருத்துவமனைகளின் பெயர்களை அரசு முதலில் மறைத்தது. அது தெரியாமல் மக்கள் அங்கேயே போய்த் தொற்றை வாங்கிவந்தார்கள். பெரிய கோபம் எழுந்தது. அதற்கப்புறம் சட்டத்தையே மாற்றினார்கள். தொற்று பற்றிய தகவலை வெளியிடுவது அரசின் கடமையானது. அவசர காலத்தில் பரிசோதனைக் கருவிகளுக்கு உடனடி அனுமதி கொடுக்கவும் வழி வந்தது. 2020 ஜனவரி கடைசியில் அதிகாரிகள் தயாரிப்பாளர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் முதல் கருவிக்கு அனுமதி கிடைத்தது. கேரளத்தில் 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது தொடர்பில் இருந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்த பழக்கம், 2020 தொடக்கத்தில் வூஹானிலிருந்து மாணவர்கள் திரும்பியபோது கைகொடுத்தது.

நம் நாட்டில் நிதி ஆயோக் அமைத்த நிபுணர் குழு 2024 செப்டம்பரில் ஓர் அறிக்கை கொடுத்தது. தொற்று தொடங்கிய முதல் 100 நாளில் யார் என்ன செய்ய வேண்டும் என்று அது வகுக்கிறது. பொதுச் சுகாதார அவசரநிலைக்குப் புதிய சட்டம் வேண்டும் என்கிறது. நல்ல யோசனைகள்தான். பிரிட்டன் அமைத்ததைப் போல, அமைச்சர்களையும் அதிகாரிகளையும் பொதுவில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, இறந்தவர்களின் குடும்பங்களையும் பேசவிடும் ஒரு தேசிய விசாரணை இங்கே நடக்கவில்லை.

அதற்காகக் காத்திருக்காமல் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. இரண்டாம் அலைக்குப் பிறகு நாடு முழுக்க அரசு மருத்துவமனைகளில் ஆக்சிஜன் ஆலைகள் வந்தன. 2022 டிசம்பரில் ஒத்திகையும் நடத்தினார்கள். உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அந்த ஆலை இன்று ஓடுகிறதா, கடைசியாக எப்போது சோதித்தார்கள், பழுது பார்க்க ஆள் இருக்கிறாரா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேட்கலாம். பத்து ரூபாய் ஆகும். பதில் எதுவாக இருந்தாலும் அதை உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்படி வெளியிடுங்கள்.