பூச்சி எடுக்கப் போய் வீணாகும் 36 படங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் பூச்சிக்குப் பஞ்சம் இல்லை. வாசல் செம்பருத்தியில் குதிக்கும் சிலந்தி, கொல்லைக் கறிவேப்பிலையில் பறவை எச்சம் போலவே ஒட்டிக்கிடக்கும் பட்டாம்பூச்சிப் புழு, வேலிக்கு அப்பால் செம்பனைப் பூவில் மொய்க்கும் கூன்வண்டு. பஞ்சமெல்லாம் ஃபிலிமுக்குத்தான். ஒரு சுருளில் 36 படம். அதைக் கழுவ ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ அனுப்பி, திரும்பி வருவதற்குள் எந்தப் படத்துக்கு என்ன வைத்தோம் என்பதே மறந்துபோகும். டிஜிட்டலில் இரண்டாவது படத்திலேயே கண்ணில் படும் பிழை, ஃபிலிமில் சுருள் முடியும்வரை கூடவே வரும்.

அந்தப் பிழைகளில் பெரும்பாலானவை ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே நடந்து முடிந்தவை. எவ்வளவு பெரிதாக்கி எடுக்கிறோம் என்று பார்க்காமலே கேமராவைத் தூக்குவதுதான் மூலம்.

பெருக்கத்தைக் கணக்கிடாமல் தொடங்குவது

35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்தின் அளவு 36-க்கு 24 மில்லிமீட்டர். பூச்சி எவ்வளவு பெரிதோ அதே அளவில் ஃபிலிமில் விழுந்தால் அது 1:1. பாதி அளவில் விழுந்தால் 1:2. இப்போது அந்தச் செம்பனைக் கூன்வண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1981-இல் கேமரூனிலிருந்து மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதுவரை தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவிய வேலையை அதன்பின் இந்த வண்டு பார்த்துக்கொண்டது. நீளம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். 1:1-இல் எடுத்தாலும் படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே வரும். முதல் சுருளிலேயே இதைக் குறிவைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். விரல்கடை நீளமுள்ள புழு, கும்பிடுபூச்சிக் குஞ்சு, இலையில் அசையாமல் ஒட்டிய நத்தை என்று 1:2-க்கு அடங்குபவற்றில் கை பழகட்டும்.

எக்ஸ்டென்ஷன் டியூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழாய்) போடுபவர்களுக்குக் கணக்கு எளிது: டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் பெருக்கம். 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. டியூப் என்றால் 1:2. கென்கோ செட்டில் 12, 20, 36 என மூன்று வரும். மூன்றையும் சேர்த்தால் 68 மி.மீ., அதே 50-இல் 1:1-ஐத் தாண்டிவிடும். மூன்றும் கையில் இருக்கிறதே என்று மூன்றையும் போடுவதுதான் வழக்கமான தவறு. லென்ஸ் பூச்சியின் மேலேயே இடிக்கிற மாதிரி நிற்கும், அதன் நிழல் பூச்சியை மூடும், சிலந்தி ஓடிவிடும். 100 மி.மீ. லென்ஸ் கிடைத்தால் அதே பெருக்கத்துக்கு இருமடங்கு தள்ளி நிற்கலாம்.

ஃபோன் சொன்ன வெளிச்ச அளவை அப்படியே நம்புவது

லென்ஸை முன்னே தள்ளத் தள்ள ஃபிலிமுக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் குறையும். வெளிச்சம் பாதியாவது ஒரு ஸ்டாப். 1:2-இல் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல், 1:1-இல் இரண்டு ஸ்டாப், 2:1-இல் மூன்றுக்கும் மேல். லென்ஸ் வழியாகவே அளக்கும் கேமரா இதைத் தானே சேர்த்துக்கொள்ளும். ஆனால் பழைய கேமராவின் மீட்டர் செத்துப்போய், ஃபோன் செயலியால் அளப்பவர்கள் இங்கே நிறையப் பேர். காலை நிழலில் 400 வேக ஃபிலிமுக்கு லென்ஸின் துளையை எஃப் 16 (எண் கூடினால் துளை சிறுக்கும்) வைத்தால் ஷட்டர் 1/60 நொடி போதும் என்று ஃபோன் சொல்லும். 1:1-இல் உண்மையில் வேண்டியது 1/15. ஃபோனை நம்பி எடுத்தால் நெகட்டிவ் வெளிறி, ஸ்கேனில் நிழலெல்லாம் சேறு மாதிரிக் குழம்பி வரும். இன்னொன்று: ஒலிம்பஸ் ஓஎம்-1 மாதிரிக் கேமராக்களின் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்யப்பட்டது. கடையில் கிடைக்கும் 1.5 வோல்ட் பட்டன் பேட்டரியைப் போட்டால் முள் அசையும், அளவு தப்பும்.

எல்லாம் தெளிவாக வரட்டும் என்று எஃப் 22-க்குப் போவது

1:1-இல் எஃப் 16 வைத்தால் தெளிவாக வரும் ஆழம் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். எஃப் 8-இல் ஒன்று. இதைக் கேட்டதும் கை தானாக எஃப் 22-க்குத் திரும்பும். ஆனால் லென்ஸ் முன்னே தள்ளியிருப்பதால் வளையத்தில் உள்ள எஃப் 22, 1:1-இல் எஃப் 45 ஆகவே வேலை செய்கிறது. அவ்வளவு சின்னத் துளையில் ஒளி சிதறி, படம் முழுக்க மெல்லிய மங்கல் படரும். ஆழம் கூடியும் கூர்மை போய்விடும். 1:1-இல் எஃப் 11, மிஞ்சினால் 16; 2:1-இல் எஃப் 8. அதற்குள் அடங்காததைக் கோணத்தால் அடக்க வேண்டும். புழுவின் முதுகு ஃபிலிமுக்கு இணையாக இருந்தால் தலை முதல் வால்வரை வரும். சாய்ந்து எடுத்தால் நடுவில் ஒரு துண்டுதான். சிலந்தியை நேருக்கு நேர் எடுக்கும்போது முன்னால் உள்ள இரண்டு பெரிய கண்களில் ஃபோகஸ் நின்றால் போதும். கால்கள் மங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஃபோகஸ் வளையத்தைத் திருகித் திருகித் தேடுவதும் வீண்வேலை. திருகும்போது பெருக்கமும் மாறும். வளையத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, உடம்பை நூலளவு முன்னும் பின்னும் அசைத்து, கண் கூர்மையாகும் நொடியில் அழுத்துங்கள். வியூஃபைண்டரின் நடுவில் உள்ள பிளவு வட்டம் இந்த வேலையில் பாதி கறுத்துக் கிடக்கும். அதைப் பார்க்க வேண்டாம், சுற்றியுள்ள சொரசொரப்பான பகுதியைப் பாருங்கள். ஒரு மூங்கில் குச்சியை இடது கையில் கேமராவோடு சேர்த்துப் பிடித்துத் தரையில் ஊன்றிக்கொண்டால் ஆட்டம் பாதியாகும். இந்த வேலைக்கு மூன்றுகால் நிலைதாங்கியைவிட அது மேல், ஏனென்றால் நிலைதாங்கியை விரிப்பதற்குள் பூச்சி அடுத்த கிளைக்குப் போயிருக்கும்.

பிளாஷை ஒப்புக்கு வைத்துக்கொள்வது

மேலே சொன்ன 1/15-இல் கையில் பிடித்துச் சிலந்தி எடுக்க முடியாது. ஆகவே பிளாஷ். கேமராவின் தலைமேல் அப்படியே வைத்தால் லென்ஸின் நிழல் பூச்சியின்மேல் விழும். வறுவல் வரும் அட்டைக் குழாயின் உட்புறம் வெள்ளி பூசியிருக்கும். அதைப் பிளாஷ்மேல் சாய்த்துச் செருகி, லென்ஸின் மூக்குவரை வெளிச்சத்தைக் கொண்டுவரலாம். முனையில் வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா மூடியிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டுங்கள். அது பூச்சியைவிடப் பல மடங்கு அகலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டின் பளபள முதுகில் ஊசி குத்திய மாதிரி வெள்ளைப்புள்ளி.

ஷட்டர் வேகத்தை மறப்பவர்கள் சுருளையே இழக்கிறார்கள். பென்டாக்ஸ் கே1000, கேனான் ஏஇ-1 இரண்டும் பிளாஷோடு 1/60-க்கு மேல் போகாது. 1/125 வைத்தால் படத்தின் ஒரு பக்கம் கறுப்பாகவே வரும்.

எவ்வளவு துளை என்பதை ஊகிக்க வேண்டாம், ஒருமுறை சோதித்துவிடுங்கள். பிளாஷைக் கைமுறையில், ஒரே சக்தியில், அதே குழாயோடு பூட்டி, ஓர் இலையை 1:1-இல் எஃப் 5.6, 8, 11, 16, 22 என ஐந்து படம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சீட்டு ஓரத்தில் தெரியட்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: லேப் அனுப்பும் ஸ்கேனைப் பார்த்து, “ஐந்தும் ஒரே மாதிரிதானே இருக்கிறது” என்கிறார்கள். ஸ்கேனர் ஒவ்வொரு படத்தையும் தானே சரிசெய்து அனுப்புகிறது. நெகட்டிவைத் திரும்பக் கேட்டு வாங்கி, ஃபோனின் வெள்ளைத் திரைமேல் வைத்துப் பாருங்கள். இலையின் நிழல் பகுதியில் நரம்பு தெரியத் தொடங்கும் படம் எதுவோ, அதன் துளைதான் உங்களுடையது. கலர் நெகட்டிவில் ஒரு ஸ்டாப் கூடினால் பாதகமில்லை, குறைந்தால்தான் வலி. அந்தத் துளை எஃப் 8-இல் வந்து நின்றால், 11-க்கோ 16-க்கோ வரும்படி பிளாஷ் சக்தியைக் கூட்டுங்கள். 22-இல் நின்றால் முனையில் இன்னொரு வெள்ளைத்தாள் ஒட்டுங்கள். பிளாஷ் லென்ஸோடு சேர்ந்தே நகர்வதால், 1:2-க்கு வந்தாலும் பெரிய மாற்றம் வேண்டாம்: பெருக்கம் கூடி வெளிச்சம் குறையும்போது பிளாஷும் கிட்டே போய் ஈடுசெய்துவிடுகிறது.

பின்னணி கறுத்துப்போவது பிழையில்லை என்பார்கள் சிலர். பட்டப்பகலில் எடுத்த செம்பருத்தி நள்ளிரவு மாதிரி நிற்பது கண்ணுக்கு ஒட்டவில்லை. பூச்சிக்குப் பின்னால் நாலைந்து சென்டிமீட்டரில் ஓர் இலை இருக்கும் இடமாகப் பாருங்கள், பச்சை வந்துவிடும்.

சின்ன விஷயங்கள்

காற்றில் தண்டு ஒரு மில்லிமீட்டர் ஆடினால் 1:1-இல் ஃபிலிமிலும் ஒரு மில்லிமீட்டர் ஆடும். துணி கிளிப்பால் தண்டை ஒரு குச்சியோடு கவ்வி, குச்சியை மண்ணில் குத்துங்கள். ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டால் காற்றும் குறைவு, பூச்சிக்கும் மந்தம்.

மாமரத்தில் சாயுமுன் முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். கடித்த இடத்தில் அமிலமும் பீய்ச்சும். கொசு மருந்து தடவிய கையோடு கேமராவைத் தொடாதீர்கள். அதிலுள்ள டீட் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். புறங்கையால் தடவிவிட்டு, உள்ளங்கையைத் துடையுங்கள்.

லென்ஸைத் தோல் உறையில் வைத்து அலமாரியில் பூட்டுவது இந்த ஈரத்துக்குப் பூஞ்சணத்தை அழைத்துச் சோறு போடுவது. காற்றுப்புகாத டப்பா, சிலிகா ஜெல், நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போடுவது, அவ்வளவே. குளிர்பெட்டியில் வைத்த ஃபிலிமை எடுத்தவுடன் திறந்தால் மேலே நீர் கோக்கும். மூடியபடியே ஒரு மணிநேரம் வெளியில் கிடக்கட்டும். மாட்டியபின் லீவரை இழுக்கும்போது இடப்பக்கத்துச் சுற்றுக் குமிழும் சேர்ந்து சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலவில்லை என்றால் ஃபிலிம் பல்லில் மாட்டவில்லை. எண் 36-ஐக் காட்டினாலும் உள்ளே ஒரு படமும் விழுந்திருக்காது.