பின்லாந்து காட்டில் நடக்கக் கற்றுக்கொள்வது: ஒரு பகல், ஓர் இரவு, அப்புறம் 82 கிலோமீட்டர்

பின்லாந்தில் 41 தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. எதற்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது, வாசலில் சீட்டு கிழிக்க ஆளும் கிடையாது. பூங்கா என்றதும் பெஞ்சும் புல்தரையும் நினைவுக்கு வந்தால் அதை விட்டுவிடுங்கள். இங்கே பூங்கா என்றால் நாள்கணக்கில் நடந்தாலும் தீராத பைன் காடு, சதுப்பு, ஏரி, பாறை, ஆறு. பாதைக்குக் குறி போடுவது, சதுப்பின் மேல் பலகை பதிப்பது, தங்கும் குடிசைகளுக்கு விறகு கொண்டுவந்து அடுக்குவது எல்லாவற்றையும் மெட்சாஹல்லிதுஸ் என்ற அரசு நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. நாம் செய்ய வேண்டியது நடப்பதும், வந்த சுவடு தெரியாமல் திரும்புவதும்தான்.

புதிதாகத் தொடங்குபவர்களிடம் நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான். எடுத்த எடுப்பிலேயே நீளமான பாதைக்குப் போகாதீர்கள். முதலில் ஒரு பகல் நடங்கள், அடுத்து ஓர் இரவு காட்டில் தூங்கிப் பாருங்கள், அதற்கப்புறம் நாள்கணக்கில் நடக்கலாம். இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு முறையும் எதை மறந்தோம், எதை வீணாகச் சுமந்தோம் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

முதல் படி: நூக்ஸியோவில் ஒரு பகல்

ஹெல்சிங்கியில் இருப்பவர்களுக்கு, அல்லது அங்கே வந்து இறங்குபவர்களுக்கு, நூக்ஸியோ தேசியப் பூங்காவைவிட வசதியான இடம் இல்லை. எஸ்போ வரை ரயில், அங்கிருந்து 245 எண் பேருந்து. ஹௌக்காலம்பி என்ற சிறிய ஏரியருகில் பல வட்டப் பாதைகள் தொடங்குகின்றன, எல்லாமே கிளம்பிய இடத்திலேயே வந்து முடியும். மரத்திலும் கம்பத்திலும் வண்ணக் குறி இருக்கும். ஒரு குறியைத் தாண்டியதும் அடுத்த குறியைக் கண்ணால் தேடுங்கள், இரண்டு நிமிடம் நடந்தும் குறி தென்படாவிட்டால் கடைசியாகக் குறி பார்த்த இடத்துக்கே திரும்புங்கள். முன்னால் போனால் கிடைத்துவிடும் என்று நினைத்துப் போகிறவர்கள்தான் வழி தவறுகிறார்கள்.

வீடு திரும்பியதும் கால், இடுப்பு, முழங்கால் மடிப்பு எல்லாவற்றிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தெற்குப் பின்லாந்தில் உண்ணி நிறைய, அது கடித்து நோய் பரவுவதும் உண்டு. சீக்கிரம் எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

எப்போது போவது

வடக்கே மே மாதம் பாதிக்கு மேலும் பனி கிடக்கும். ஜூனில் இரவே வராது; பதினொரு மணிக்கும் படிக்கிற வெளிச்சம் இருக்கும், அதனால் இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்ற பதற்றம் இல்லை. ஆனால் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முழுக்கக் கொசு. நம் ஊர்க் கொசுவைப் போல மலேரியா பரப்பாது என்பது ஆறுதல், ஆனால் எண்ணிக்கையில் நம் ஊர் பக்கத்தில்கூட வராது. தலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் வலையை மறக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் பாதி வரை. கொசு ஓய்ந்திருக்கும், வடக்கே இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறும். இந்த நிறமாற்றத்தை இங்கே 'ருஸ்கா' என்கிறார்கள். பாதை ஓரத்தில் புவோலுக்கா என்ற சிவப்புப் பழம் கொத்துக்கொத்தாகக் கிடக்கும், காட்டுப் புளூபெர்ரியும் கிடைக்கும். தேசியப் பூங்காவிலும் பழமும் உண்ணக்கூடிய காளானும் பறிக்கலாம், காசு வேண்டாம், அனுமதி வேண்டாம். காளான் மட்டும் தெரிந்தவர் கூட இருந்தால் பறியுங்கள்.

உடம்பில் என்ன, முதுகில் என்ன

இதில் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் முறை ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் போட்டுக்கொண்டு போனேன். காலையில் நல்ல வெயில். மதியத்துக்கு மேல் தூறல் பிடித்தது, காற்று அடித்தது, வெப்பம் எட்டு டிகிரிக்கு இறங்கியது. நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை இழுத்துக்கொண்டே இருந்தது, அரை மணி நேரத்தில் பையின் பக்கிளைத் திறக்கவே விரல் வளையவில்லை. அன்றைக்குக் கூட வந்த நண்பர் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

அதனால் உள்ளே மெரினோ கம்பளி அல்லது சிந்தெடிக் பனியன், அதன் மேல் ஃப்ளீஸ் என்னும் சூடு காக்கும் சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். பருத்தி வேண்டவே வேண்டாம். ஒரு ஜோடி கம்பளிக் காலுறையைத் தூங்குவதற்கென்றே தனியாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், பகலில் எவ்வளவு நனைந்தாலும் அதைத் தொடக் கூடாது. ஷூவை வாங்கிய கையோடு மலையேறக் கிளம்பாதீர்கள், இரண்டு வாரம் ஊருக்குள் போட்டு நடந்து பழக்குங்கள்.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதன் மேல் இரண்டு மூன்று வெப்ப எண்கள் இருக்கும். 'கம்ஃபர்ட்' என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிர் போகாமல் இருக்கும் அளவு, தூங்குவதற்கான அளவு இல்லை. ஜூலையிலும் இரவு ஐந்து டிகிரிக்கு இறங்கும், செப்டம்பரில் உறைபனி வரும். கம்ஃபர்ட் எண் பூஜ்யம் அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும்.

மொத்தச் சுமை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 60 கிலோ இருப்பவருக்கு 12 கிலோ. சாப்பாட்டுக்கு நான் ஓட்ஸ், நூடுல்ஸ், கொஞ்சம் அரிசி, அப்புறம் ஒரு சின்ன டப்பாவில் புளிக்காய்ச்சல் எடுத்துப்போவேன். நடந்து களைத்து வந்து சுடுசோற்றில் அதைப் பிசைந்து சாப்பிட்டால் வேறு எதுவும் வேண்டியிருக்காது. எரிசாராயத்தில் எரியும் டிராஞ்சியா அடுப்பு இங்கே எல்லோரிடமும் இருக்கும். விமானத்தில் எரிசாராயமோ கேஸ் டப்பாவோ எடுத்துப்போக முடியாது, போய் இறங்கிய ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படி: யூமாவில் 12 கிலோமீட்டர்

ஒரு பகல் நடந்து பழகிவிட்டீர்களா, சரி, இப்போது வடக்கே போகலாம். கூசமோ என்ற ஊர்ப் பக்கத்தில் ஔலங்கா தேசியப் பூங்கா இருக்கிறது, 1956-இல் உருவானது. அங்கே யூமா என்ற கிராமத்திலிருந்து 'பியெனி கர்ஹுன்கியர்ரோஸ்' கிளம்புகிறது, 'சின்னக் கரடிச் சுற்று' என்று பொருள். 12 கிலோமீட்டர் வட்டம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், கரடி அந்தக் காட்டில் உண்டுதான், ஆனால் மனிதச் சத்தம் கேட்டாலே விலகிப் போய்விடும். பார்க்கப்போவது கலைமான்களைத்தான். அவை காட்டு மிருகமில்லை, ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு, விரட்டாதீர்கள்.

இந்த ஒரே பாதையில் தொங்குபாலங்கள், மில்லுகோஸ்கி நீரோட்டத்தின் மேல் நிற்கும் பழைய ஆலைக் குடிசை, ஒன்பது மீட்டர் விழும் யுராவா அருவி, பாறை விளிம்பிலிருந்து கித்கா ஆற்றைப் பார்க்கும் இடம் என்று எல்லாம் வந்துவிடுகிறது. ஏற்ற இறக்கமும் மரப்படிகளும் அதிகம், அதனால் 12 கிலோமீட்டர்தானே என்று நினைக்காமல் ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். நனைந்த மரப்பலகை சோப்பு தடவியது போல வழுக்கும். சதுப்பின் மேல் இரண்டிரண்டாகப் போட்டிருக்கும் பலகைகளில் ஒன்றின் மேல் மட்டும் கால் வைக்காமல் இரண்டிலும் மாற்றி மாற்றி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள்.

மூன்றாவது படி: முதல் இரவு

அதே யுராவா அருவியின் பக்கத்தில் சீலாஸ்துபா என்று ஒரு மரக்குடிசை இருக்கிறது. இது 'அவுதியோதுபா' வகை. பூட்டு கிடையாது, வாடகை கிடையாது, முன்பதிவும் கிடையாது. உள்ளே மரத் திண்ணையும் இரும்பு அடுப்பும், வெளியே விறகுக்கொட்டகையும் உலர் கழிப்பறையும். ஓரிரு இரவு யார் வேண்டுமானாலும் தங்கலாம். வாடகைக்கு முன்பதிவு செய்யும் குடிசைகளும் வேறு உண்டு, அவற்றை 'வரௌஸ்துபா' என்பார்கள், சாவி வேண்டும்.

அவுதியோதுபாவின் முதல் சட்டத்தைப் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. கடைசியாக வந்தவருக்குத்தான் அதிக உரிமை. இடம் நிறைந்த பிறகு ஒருவர் வந்தால், முன்னால் வந்து நன்றாக ஓய்வெடுத்தவர் எழுந்து இடம் கொடுக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கு மழையில் நனைந்து வருபவர்தான் குடிசை மிக அதிகமாகத் தேவைப்படுபவர், அவ்வளவுதான் கணக்கு. எனவே டென்ட் இல்லாமல் குடிசையை நம்பி மட்டும் கிளம்பாதீர்கள். டென்ட்டையும் நினைத்த இடத்தில் அடிக்க முடியாது, ஔலங்காவில் நெருப்பிடங்களை ஒட்டிக் குறித்திருக்கும் இடங்களில் மட்டும்தான்.

குடிசையில் அடுப்பு மூட்டுவதைப் பொறுமையாகச் செய்யுங்கள். முதலில் புகைபோக்கியின் தகடு திறந்திருக்கிறதா என்று பாருங்கள், மூடியிருந்தால் அறை முழுக்கப் புகை. கொட்டகையிலிருந்து நன்றாகக் காய்ந்த ஒரு கட்டையை எடுத்துக் கோடரியால் விரல் பருமனுக்குப் பிளந்துகொள்ளுங்கள். அதில் இரண்டைக் கத்தியால் மெல்ல மெல்லச் சீவினால் சுருள்சுருளாகச் சிராய் வரும், ஒரு கைப்பிடி போதும். சிராயை நடுவில் வைத்து, சுற்றிலும் பிளந்த குச்சிகளை ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக அடுக்கி, கீழிருந்து பற்றவையுங்கள். விறகோடு வந்த பிர்ச் பட்டை கிடைத்தால் இன்னும் நல்லது, ஈரத்திலும் பற்றும். ஆனால் நிற்கிற மரத்திலிருந்து பட்டை உரிக்கக் கூடாது. தணல் முழுவதும் அவியும் முன் தகட்டை மூடிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், கார்பன் மோனாக்ஸைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

கிளம்பும் முன் எரித்த அளவுக்கு விறகு பிளந்து அடுப்பருகில் அடுக்குங்கள், சிராயும் கொஞ்சம் சீவி வையுங்கள். தரையைப் பெருக்குங்கள். வருகைப் புத்தகத்தில் பெயரும் அடுத்து எங்கே போகிறீர்கள் என்பதும் எழுதுங்கள், யாராவது தேட நேர்ந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான். குப்பைத்தொட்டி கிடையாது, கொண்டுபோனதெல்லாம் உங்கள் பையிலேயே திரும்பி வர வேண்டும்.

வெளியே நெருப்பு மூட்டுவது குறித்த நெருப்பிடங்களில் மட்டும். கோடையில் வானிலை ஆய்வு மையம் காட்டுத்தீ எச்சரிக்கை விட்டால் அங்கேயும் திறந்த நெருப்பு கூடாது. டிராஞ்சியாவை அப்போதும் பயன்படுத்தலாம், வெற்றுப் பாறை அல்லது மணல் மேல் வைத்து, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது படி: 82 கிலோமீட்டர்

ஓரிரவு தூங்கி எழுந்து, தோள் வலி தாங்கும் அளவில்தான் இருக்கிறது என்றால் பெரிய கர்ஹுன்கியர்ரோஸுக்குத் தயாராகலாம். வடக்கே ஹௌதாயார்வியிலிருந்து தெற்கே ருகா வரை 82 கிலோமீட்டர். நான்கு நாளில் முடிப்பவர்கள் நிறைய, முதல் முறை என்றால் ஆறு நாள் வைத்துக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து தொடங்கினால் முதல் நாட்கள் ஆற்றங்கரையோடு மிதமாக இருக்கும், பை கனமாக இருக்கும்போது அதுதான் தேவை. கொன்தாய்னென், வல்தவாரா குன்றுகளின் செங்குத்து ஏற்றங்கள் கடைசியில் வரும், அப்போது சாப்பாடு தீர்ந்து பை இளைத்திருக்கும்.

போனுக்குப் பள்ளத்தாக்குகளில் சிக்னல் விட்டுவிட்டு வரும், காகித வரைபடம் கட்டாயம். '112 சுவோமி' செயலியைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், அதிலிருந்து அழைத்தால் நீங்கள் நிற்கும் இடம் அவசர உதவி மையத்துக்குத் தானாகப் போய்விடும். வீட்டில் ஒருவரிடம் எந்த நாள் எந்தக் குடிசை என்று எழுதிக் கொடுங்கள். காரில் போவதானால் அதை ருகாவில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஹௌதாயார்வி போங்கள், கடைசி நாள் வல்தவாராவிலிருந்து இறங்கியதும் கார் அங்கேயே நிற்கும். அந்தப் பேருந்து ஓடும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள், முக்கியமாகச் செப்டம்பரில் போகிறவர்கள்.